வார்த்தை பாக்கி

அந்தச் சுற்றில் இருந்த ஊர்களில் யாராவது இறந்துபோனால் வீட்டார் இரண்டு முறை அழ வேண்டியிருந்தது. முதல் அழுகை சவப்பெட்டியோடு. இரண்டாவது, போதகர் வந்து சேரும் நாளில். சாவுக்கு நாள் பார்க்கத் தெரியாது. போதகராலோ நாள் குறித்துத்தான் வர முடியும். இருபத்திரண்டு ஊர்களுக்கு ஒரே ஒரு மனிதர், ஒரே ஒரு குதிரை. ஒரு முறை சுற்றி முடிக்க ஆறு வாரம். அதனால் இறந்தவரைச் சபைப் பெரியவர் ஒருவர் ஜெபம் செய்து புதைத்துவிடுவார். அடக்கப் பிரசங்கம் மட்டும் போதகருக்காகக் காத்திருக்கும். கடைத்தெருவில் இருவர் சந்தித்தால், “பெரியவர் போயிட்டாராமே?” என்று ஒருவர் கேட்பார். “ஆமாங்க. மண் போட்டாச்சு, வார்த்தை பாக்கி” என்பார் மற்றவர்.

அந்த வார்த்தையைச் சொல்ல வருகிறவருக்கு ஊர்கள் வைத்த பெயர் ஈரச்சட்டை. ஒரே ஆற்றை ஒரு சுற்றில் மூன்று இடங்களில் கடக்க வேண்டும். பாலம் ஒன்றுக்கும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குதிரையோடு இறங்கி, தோல்பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள ஊருக்குள் நுழைவார். “ஈரச்சட்டை வந்தாச்சு, காய்ஞ்ச துணி ஏதாவது எடு” என்று வாசலில் குரல் கேட்கும். தச்சர் வீட்டில் தச்சர் சட்டை, மாவாலைக்காரர் வீட்டில் மாவாலைக்காரர் சட்டை. ஆறு வாரம் கழித்து வீடு திரும்பும்போது அவர் உடம்பில் இருப்பது எந்த ஊர்ச் சட்டை என்று அவருக்கே தெரியாது.

“இந்த வாட்டி யார் சட்டைக்குள்ள என் வீட்டுக்காரர் வந்திருக்காரு?” என்று வாசலில் நின்று கேட்பாள் அவர் மனைவி. “கையே வெளிய தெரியலையே. ரொம்பப் பெரிய மனுஷன் வீட்டுல தங்கிட்டீங்களோ?”

மகளுக்கு அம்மாவின் குரல் இந்த ஒரு வாக்கியத்தில்தான் முழுசாக நினைவிருக்கிறது.

அப்பாவின் ஆரம்பக் கதையெல்லாம் அம்மா சொல்லித்தான் மகளுக்குத் தெரியும். குதிரைச் சேணம் தைக்கும் பட்டறையில் வேலைபார்த்தவர். இருபத்துநான்காவது வயதில், பட்டறைக்கு எதிர்க் கொட்டகையில் மெதடிஸ்ட் போதகர் ஒருவர் பேசியதைக் கேட்கப் போனார். ஊசியைச் சட்டைக் காலரில் குத்தியபடியே போனவர், அதை எடுக்க மறந்து மூன்று நாள் அப்படியே திரிந்தாராம். இரண்டு வருடம் படித்தார். சபையின் வருடாந்தர மாநாட்டில் போதகர்களுக்கு ஊர் ஒதுக்கும்போது இவர் பெயரையும் வாசித்தார்கள். சபையே இல்லாத ஒரு பக்கத்தைக் காட்டி, “போய் உண்டாக்கு” என்றார்கள். ஒரு தோல்பை, அதில் வேதம், பாட்டுப் புத்தகம், ஒரு மாற்றுச் சட்டை. குதிரையைச் சபை கொடுத்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, இடமா வலமா என்று அவரோடு வழக்காடியதால் அதற்கு வக்கீல் என்று பெயர் வைத்தார்.

முதல் ஊரில் அவருக்கு இடம் கொடுத்தவர் ஒரு முடிதிருத்துபவர். அதுவும் கடை மூடியிருக்கும் நாளில் மட்டும். மூன்று பக்கமும் கண்ணாடி. கேட்க வந்தவர் ஒரே ஒருவர், அவருக்கும் காது மந்தம். “எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நானா நின்னேன். கூட்டம் நிறைஞ்ச மாதிரி இருந்துச்சு” என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்பார். அங்கே தொடங்கி, எடைபோடும் கிடங்கு, தச்சுக் கொட்டகை, ஆலையின் சாக்கு அறை என்று பத்து வருடத்தில் பதினோரு ஊர்களில் ஜெபவீடு எழும்பியது. கூரைக்கு மரம் ஏற்றிய நாட்களில் அவரும் தோள் கொடுத்திருக்கிறார். வலது தோளில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

அடக்கப் பிரசங்கம் மட்டும் அவருக்குச் சீக்கிரம் கைவரவில்லை. முதன்முதலில் ஒரு கொல்லருக்காகப் பேசியபோது, உழைப்பாளி, உத்தமர், இன்சொல் பேசுபவர் என்று அடுக்கினார். பேசி முடித்து இறங்கியதும் கொல்லரின் மனைவி அருகே வந்தாள்.

“ஐயா, நீங்க சொன்னவரு ரொம்ப நல்லவரு. ஆனா அவரு என் வீட்டுக்காரர் இல்லீங்க.”

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். எந்த ஊரில் யார் இறந்திருந்தாலும், ஜெபவீட்டுக்குப் போகுமுன் அந்த வீட்டுச் சமையலறையில் போய் உட்காருவார். குணம் என்ன, பக்தி எப்படி என்றெல்லாம் கேட்கமாட்டார். “கைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க?” என்று கேட்பார். சேணப் பட்டறையில் வளர்ந்தவருக்கு மனிதரின் முகத்தைவிடக் கை நம்பகமானது. வீட்டார் முதலில் முழிப்பார்கள். பிறகு ஒருவர் சொல்வார், பேசும்போது காது மடலை இழுப்பாருங்க என்று. இன்னொருவர், ரொட்டியை எப்பவும் மூணாத்தான் பிப்பாரு, ரெண்டா பிச்சு யாரும் பார்த்ததில்லை என்பார். அதை எடுத்துக்கொண்டு மேடை ஏறுவார். இறந்தவர் எழுந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டது போல இருக்கும். ஊரே இரண்டாம் முறை அழும். முதல் முறையைவிட நிம்மதியாக.

இது அந்தப் பக்கம் முழுக்கப் பரவிவிட்டது. “சாவுறதா இருந்தா ஈரச்சட்டை வர்ற சமயமாப் பார்த்துச் சாவணும்” என்று வேடிக்கை பேசினார்கள்.

அதன் பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாநாடு அவரை வேறு சுற்றுக்கு மாற்றியது. எந்த ஊர் என்பது வாசிக்கும்போதுதான் தெரியும். கேட்டு வாங்கும் பழக்கம் கிடையாது. மனைவியும் மகளும் இரண்டு பெட்டிகளோடு பின்னால் போவார்கள். வீடு சபையுடையது. கட்டில், அலமாரி, மேசை எல்லாம் முந்தைய போதகரின் குடும்பம் புழங்கியவை. ஒரு வீட்டில் அலமாரியின் பக்கப்பலகையில் யாரோ ஒரு குழந்தை தன் உயரத்தைக் கோடு கோடாகக் குறித்திருந்தது. மகள் தன் கோட்டை அதன் பக்கத்தில் போட்டாள். அடுத்த வருடம் அளந்து பார்க்க அந்த வீட்டில் அவர்கள் இல்லை.

நாற்பத்திரண்டு நாளில் ஆறு நாள் அப்பா வீட்டில் இருப்பார். விருந்தாளி வந்தது போல இருக்கும். சாப்பாட்டு மேசையில் அந்தச் சுற்றில் தான் பேசிய சாவுகளைச் சொல்வார். கதை கேட்பது போல மகள் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்போதும் அவர் கட்டைவிரல் சும்மா இராது. மேசைவிரிப்பின் ஓரத்தையோ, மகளின் சட்டைக் கையையோ பிடித்துத் தையலின்மேல் மெல்ல ஓட்டிக்கொண்டே போவார். எங்காவது ஒரு இழை தளர்ந்திருந்தால் விரல் நின்றுவிடும்.

ஒருநாள் மாவாலைக்காரரின் மனைவியைப் பற்றிச் சொன்னார். “சும்மா இருக்கிற நேரத்துல விரலால மேசைமேல எழுதிக்கிட்டே இருப்பாங்களாம். என்ன எழுதினாங்கன்னு யாருக்குமே தெரியாது. படிக்கவே தெரியாதவங்க.”

அம்மா பாத்திரத்தை வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றினாள். “அடுத்தவன் பொண்டாட்டி விரலெல்லாம் உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் செத்தா என்ன சொல்லுவீங்க?”

“நீ எனக்கு முன்னாடி போகமாட்டே.”

“போனா?”

“போனா...” அவர் சிரித்தார். “கொஞ்ச நாள் வீட்டுல உட்கார்ந்து உன் கைய நல்லாப் பார்த்து வெச்சுக்கிறேன்.”

“தாள்ல அதுக்கு நாள் போட்டிருக்கா?” என்று கேட்டாள் அம்மா. மூவரும் சிரித்தார்கள்.

தாள் என்பது சுற்று அட்டவணை. எந்தத் தேதியில் எந்த ஊர் என்று அச்சடித்து எல்லா ஜெபவீட்டுக் கதவிலும் ஒட்டுவார்கள். கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாம் தாளைப் பார்த்துத்தான். பஞ்சாங்கம் தப்பினாலும் ஈரச்சட்டை தாள் தப்பமாட்டார் என்று பேச்சு. வீட்டுக்கும் ஒரு தாள் வரும். அம்மாவுக்கு ஒரு பழக்கம். காகிதம் எது கிடைத்தாலும் மடித்துக்கொண்டே இருப்பாள். இரண்டாக, நான்காக, எட்டாக, இனி மடிக்க முடியாது என்கிற வரை. பேசிக்கொண்டே மடிப்பாள், பிரித்து மறுபடி மடிப்பாள். ஆறு வாரம் முடிவதற்குள் தாள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஊர்களின் பெயர்கள் நடுவில் உடைந்துபோகும்.

அப்படி மாறிப்போன ஓர் ஊரில், மகளுக்குப் பதினான்கு வயதில், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை தலைவலி என்றாள். செவ்வாய்க்கிழமை எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் தையல்கடை வைத்திருந்த பெண்மணி, மகள் அத்தை என்று கூப்பிடுகிறவள், நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராகப் போய் வண்டிக்காரரை எழுப்பினாள்.

“தாள்ல வியாழக்கிழமை கல்குவாரின்னு இருக்கு. நீ புதன் ராத்திரிக்குள்ள அங்க போயிடு. போதகரைக் கையோட அனுப்பு. குதிரையில வந்தா வெள்ளிக்கிழமை பொழுதுக்குள்ள வந்துடலாம்.”

வண்டிக்காரர் சொன்னபடியே போனார். வியாழக்கிழமை குவாரி ஜெபக்கொட்டகையின் வாசலில் உட்கார்ந்தார். போதகர் வரவில்லை. ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கும், அதான் தாமதம் என்று குவாரி ஆட்கள் சொன்னார்கள். “வருவாரு. அவர் தாள் தப்பமாட்டாரு” என்று வண்டிக்காரரே மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னார். அந்த நம்பிக்கையில் வெள்ளிக்கிழமையும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

போதகர் அரைநாள் தூரத்தில், மர அறுப்பு ஆலையில் இருந்தார். தாளின்படி சனிக்கிழமை போக வேண்டிய இடம். அங்கே அறுப்புக்காரர் ஒருவர் இறந்து ஒரு மாதமாகியிருந்தது. அவர் மனைவி வெள்ளிக்கிழமையோடு அந்த இடத்தைவிட்டுத் தம்பி ஊருக்கே போய்விடுவதாகவும், போகுமுன் வார்த்தையைக் கேட்டுவிட்டுப் போக ஆசை என்றும் ஆள் அனுப்பியிருந்தாள். பதினேழு வருட ஊழியத்தில் முதல் முறையாக, அவர் இரண்டு ஊர்களை இடம் மாற்றினார். ஒரு நல்ல காரியத்துக்காகத்தான். குவாரிக்குத் தகவல் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு நாள்தானே என்று நினைத்தார்.

வீட்டில் அம்மா வியாழக்கிழமை கேட்டாள். “இன்னிக்கு எங்க இருப்பாரு? தாளைப் பாரு.”

“குவாரியிலம்மா.”

“அப்ப நாளைக்கு வந்துடுவாரு.”

தாளை மகளின் கையிலிருந்து வாங்கி மடிக்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை முழுவதும் அது அவள் கையில் இருந்தது. சாயங்காலம் குதிரைச் சத்தம் கேட்டதாக இரண்டு முறை சொன்னாள். ஜன்னலுக்கு ஓடிப் பார்த்த மகள், இரண்டு முறையும் பால்காரர் குதிரைம்மா என்றாள். சனிக்கிழமை விடிகிற நேரத்தில் அம்மா போய்விட்டாள். கைவிரல்களைப் பிரித்து அத்தை எடுத்தபோது தாள் ஒரு பாக்களவு ஆகியிருந்தது. மகள் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை வைத்திருந்தார்கள். அதற்குமேல் முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

சனிக்கிழமை குவாரிக்குப் போனபோதுதான் வண்டிக்காரர் சொல்லக் கேட்டு, திங்கட்கிழமை காலை அவர் வந்தார். சட்டை ஈரமாக இருந்தது. அறுப்புக்காரரின் சட்டை, அவருடைய விதவை கொடுத்தனுப்பியது. தோளில் மரத்தூள்கூடப் போகவில்லை. வாசலில் நின்று, யார் சட்டை என்று கேட்கும் குரலுக்காக ஒரு நொடி காத்திருந்தது போல மகளுக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு வார்த்தை என்று முடிவாயிற்று. வேறு போதகரை அழைக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னதற்கு, நானே சொல்றேன் என்றார். சனிக்கிழமை சாயங்காலம், வழக்கம் போலச் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். இது அவருடைய வீட்டுச் சமையலறை. எந்த ஆணியில் எந்தப் பாத்திரம் தொங்கும் என்று அவருக்குத் தெரியாது. மகளும் அத்தையும் எதிரே இருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார். அந்தக் கேள்வி அவர் வாய்வரை வந்ததை மகள் பார்த்தாள். கேட்கவில்லை. புருஷன், பெண்டாட்டியின் கையைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பதா?

மறுநாள் மேடை ஏறினார். ஜெபவீடு நிறைந்திருந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டைவிரல் பலகையின் ஓரத்தில் தையலே இல்லாத இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள். பாட்டு முடிந்தும் அவர் அப்படியே நின்றார். பிறகு இறங்கி, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

இருநூறு வீடுகளுக்கு வார்த்தை சொன்னவர் வீட்டில் வார்த்தை பாக்கி நின்றது.

அந்த வருட மாநாட்டில் அவரை வேறு சுற்றுக்கு வாசித்தார்கள். மகள் வரமாட்டேன் என்றாள். “அம்மா இங்க இருக்காங்க. நீங்க போங்கப்பா.” அத்தை அவளைத் தன்னோடு வைத்துக்கொண்டாள், தையல் கற்றுக்கொடுத்தாள்.

அதன் பிறகு அவர் தாளை ஒருநாள்கூடத் தப்பவில்லை. ஆறு பெருகி நின்றாலும், காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் குறித்த நாளில் குறித்த இடத்தில் இருந்தார். வக்கீல் கிழடாகிச் செத்தது. பிறகு இன்னொரு குதிரை, அதன் பிறகு சைக்கிள். தாள் தப்பாதவர் என்று மாநாட்டில் அவரை எழுப்பி நிறுத்திப் பாராட்டினார்கள். வருடத்துக்கு நான்கு கடிதம் எழுதுவார். எல்லாவற்றின் கடைசி வரியும் ஒன்றுதான்: அடுத்த வருடம் வந்து அம்மாவின் வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்திரண்டாம் வயதில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். அப்பாவின் தாளை வரவழைத்துப் பார்த்து, அவர் மூன்று நாள் தூரத்தில் இருக்க வேண்டிய ஒரு நாளையே அவள் குறித்தாள். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். “ஏன்டி, வேணும்னே பண்றியா?”

“அம்மா சாகக் கெடந்தப்ப, யாருக்கோ ஒருத்திக்காகத் தாளை மாத்தினாருல்ல அத்தை? எனக்காக மாத்துறாரான்னு பார்ப்போம்.”

அவர் மாற்றவில்லை. ஒருமுறை மாற்றியதற்குத்தான் அந்தத் தண்டனை என்று அவர் நினைத்திருந்தது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. கடிதமும் ஒரு வேதப்புத்தகமும் வந்தன. மாப்பிள்ளை அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். “அந்தத் தாளை மட்டும் நான் கோத்திருந்தேன்னா, நம்ம கல்யாணத்தையும் நடுவுல ஒரு ஊரா சேர்த்திருப்பேன்.” அவள் சிரிக்கவில்லை.

எழுபது வயதில் அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். அப்போதுதான் வந்தார். ஒரு பெட்டி, அந்தப் பழைய தோல்பை. பேருந்திலிருந்து இறங்கியவரின் சட்டை காய்ந்திருந்தது. அவளுக்கு அது வேறு யாரோ போலிருந்தது. அத்தை இறந்து பல வருடமாகியிருந்தது. கடை இப்போது மகளுடையது. முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள், சுவரில் வெட்டிய காகித அளவுகள், பின்னால் ஒரு சிறு அறை. அந்த அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தாள். வந்த அன்றே, முடித்து மாட்டியிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலைத் தையலில் ஓட்டிப் பார்த்தார்.

“நல்லா தைக்கிறியேம்மா” என்றார்.

“அத்தை சொல்லிக்கொடுத்தாங்க.”

வர்ற ஞாயிறு வார்த்தை சொல்ல அனுமதி வாங்கிவிட்டதாகச் சொன்னார். “இருபத்தேழு வருஷம் ஆயிடுச்சு. கேக்க யாரு இருக்கா?” என்றாள் அவள். “நீ இருக்கியே” என்றார்.

சனிக்கிழமை காலை அவள் அடுப்படியில் இருந்தாள். அவர் மெல்ல நடந்து வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அந்த உட்காரலை அவளுக்குத் தெரியும்.

“உங்கம்மா...” என்றார். “கைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாம்மா?”

இருபத்தேழு வருடம் முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவள் தைக்கும் மேசையின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில், அந்தப் பாக்களவுத் தாள் இருந்தது. பத்தடி தூரம்கூட இல்லை.

“நீங்களே சொல்லுங்க” என்றாள். “கட்டிக்கிட்டவர் நீங்கதானே?”

அவர் தலையாட்டினார். பிறகு முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து தன் அறைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர்போல இருந்தார்கள். அம்மாவைத் தெரிந்தவர் என்று வண்டிக்காரர் ஒருவர்தான். அவருக்கும் பார்வை போயிருந்தது. அப்பா மேடை ஏறினார். இந்த முறை நிற்கவில்லை, பேசினார். குரல் நடுங்கினாலும் வார்த்தைகள் பழைய வார்த்தைகளாகவே இருந்தன. ஒரு பெண் மெல்ல மெல்ல அந்த ஜெபவீட்டுக்குள் நடந்து வந்தாள். முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

“சும்மா இருக்கிற நேரத்துல,” என்றார் அப்பா, “விரலால மேசைமேல எழுதிக்கிட்டே இருப்பா. என்ன எழுதினான்னு எனக்குச் சொன்னதே இல்லை.”

மகளுக்கு அந்த விரலைத் தெரியும். அது மாவாலைக்காரரின் மனைவி.

“பால் பொங்கினா பாத்திரத்தைத்தான் திட்டுவா. அடுப்பைத் திட்டமாட்டா.” அது யாரோ. அம்மா பாலைப் பொங்கவிட்டதே இல்லை. “ஊசியில நூல் கோக்கிறப்ப ஒரு கண்ணை மூடிக்குவா.” அது அம்மாவாகவும் இருக்கலாம், ஊசி பிடிக்கும் எல்லாப் பெண்களாகவும் இருக்கலாம். நானூறு வீட்டுச் சமையலறைகளில் உட்கார்ந்து அவர் சேர்த்த கைகளெல்லாம் ஒன்றாகக் குழம்பிப்போயிருந்தன. ஆறு வாரம் ஊர் ஊராக நனைந்து, யார் யார் சட்டையையோ போட்டுக்கொண்டு வருகிற மனிதர், அன்றைக்கு அம்மாவுக்கும் யார் சட்டையையோ போட்டுவிட்டிருந்தார். அவருக்கு அது தெரியவில்லை. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

எழுந்து கத்திவிடலாமா என்று அவளுக்கு இருந்தது. நேற்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றும் இருந்தது.

“நான் சுற்றுக்குக் கிளம்பற அன்னிக்கு,” என்றார் அவர், “விடியறதுக்கு முன்னாடி எழுந்துடுவா. குழந்தை தூங்கிக்கிட்டிருக்கும். நான் குதிரைமேல இருப்பேன். கால் வைக்கிற அங்கவடியைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நடந்து வருவா. பாதை வளையற இடம் வரைக்கும். ஒண்ணும் பேசமாட்டா. அங்க வந்ததும் கைய எடுத்துட்டு, திரும்பிப் பார்க்காம போங்கன்னு சொல்லுவா. நான் திரும்பிப் பார்த்ததில்லை.”

இதை அவள் கேட்டதே இல்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அவள்தான். இது அம்மாவா, எந்த ஊரிலோ மண்ணுக்குள் போன இன்னொருத்தியா? சொல்லக்கூடிய ஒரே ஆள் மேடைமேல் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அப்பா கிளம்பிப் போயிருக்கும் காலைகளில் வாசலில் அம்மாவின் செருப்பு நனைந்து, புல் ஒட்டிக் கிடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் எடுக்கப் போயிருப்பாள் என்றுதான் அப்போது நினைத்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் கேட்டார். “சரியாச் சொன்னேனாம்மா?”

கொல்லர் மனைவியின் வாக்கியம் அவள் நாக்கு நுனியில் நின்றது. நீங்க சொன்னவங்க ரொம்ப நல்லவங்க, ஆனா...

“நல்லா சொன்னீங்கப்பா.”

“நல்லாவா? சரியாவா?”

“வாங்க, சாப்பாடு ஆறிடும்” என்றாள்.

அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. நான்கு மாதம் இருந்தார். பகலெல்லாம் முன்னறையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் தைத்துப் போடும் சட்டைகளின் தையலை விரலால் பார்த்துக் கொடுப்பார். அவள் பலமுறை இழுப்பறையில் கை வைத்தாள். நூல்கண்டை எடுத்துக்கொண்டு மூடினாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஒரு சட்டையின் தோள் தையலில் கட்டைவிரல் பாதியில் நின்றுவிட்டது. இழை தளர்ந்திருக்கிறதாக்கும் என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அம்மாவுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். அந்த ஊருக்குப் புதிதாக வந்த போதகர் சுற்றில் இருந்தார். அவர் வர ஐந்து வாரம் இருந்தது. “மண் போட்டாச்சு” என்றார் அவள் கணவர், கையைத் தட்டிக்கொண்டே. மற்றதை அவர் சொல்லவில்லை.

தாள் சொன்ன நாளில் புதுப் போதகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். ஜெபவீட்டுக்குப் போகாமல் நேராகச் சமையலறைக்கு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு சின்ன நோட்டை முழங்காலில் விரித்தார்.

“அக்கா, ஐயா கைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “இந்தக் கேள்வியை யார் தம்பி சொல்லிக்கொடுத்தா?”

“படிக்கிறப்ப எல்லாருக்கும் சொல்லித்தருவாங்கக்கா. யாரோ ஒரு பழைய போதகர் வழக்கமாம்.”

அவள் சொன்னாள். தையல் எதைப் பார்த்தாலும் கட்டைவிரல் அதன்மேல் போகும் என்பதைச் சொன்னாள். எங்கே நின்றது என்பதையும் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். அவள் எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து, பழுப்பேறிய அந்தத் தாளைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதையும் எழுதிக்கோங்க. எங்கம்மா காகிதம் கிடைச்சா மடிச்சுக்கிட்டே இருப்பாங்க. இது அவங்க கடைசியா மடிச்சது. அப்புறம்... எங்கப்பா சுற்றுக்குப் போற அன்னிக்கு, விடியறதுக்கு முன்னாடி எழுந்து, அங்கவடியைப் பிடிச்சுக்கிட்டு வளைவு வரைக்கும் கூடவே நடப்பாங்க. செருப்பெல்லாம் நனைஞ்சிருக்கும். நானே பார்த்திருக்கேன்.”

“ஐயாவோட சேர்த்து அம்மாவுக்கும் சொல்லிடட்டுமாக்கா?”

“சொல்லிடுங்க. அம்மாவுக்கு வார்த்தை பாக்கி.”

இளைஞர் தாளைப் பிரிக்கப் பார்த்தார்; உடைந்துவிடும் போலிருந்தது, விட்டுவிட்டார். “இது இங்க இருக்கிறது ஐயாவுக்குத் தெரியுமா? அவர் உங்ககிட்ட கேக்கலையாக்கா?”

“கேட்டாரு” என்றாள் அவள்.